அம்பாசடரும் பத்மினியும் ஹெரால்டும் ஏற்காடு ஏற: பழைய கார்களில் குழுவாகப் பயணம் செய்வதற்கான வழிமுறை

நாற்பது, ஐம்பது ஆண்டு வயதான கார்களை ஒன்றுசேர்த்து இரண்டு மூன்று நாள் சாலைப் பயணம் போக நினைப்பவர்கள், அவற்றுள் ஏதாவது ஒன்று எங்காவது ஓரிடத்தில் நிற்கும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். பழுதே வராத பயணம் என்று திட்டமிடுபவர்கள்தான் உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் பொட்டல் வெயிலில் தவிக்கிறார்கள். பழுது வந்தால் அது பாதுகாப்பான இடத்தில், வெளிச்சம் உள்ள நேரத்தில், கையிலிருக்கும் பாகத்தைக் கொண்டே சரிசெய்யக்கூடியதாக வர வேண்டும் என்று திட்டமிடுவதே இத்தகைய பயணத்தின் ஏற்பாடு. இந்தக் கட்டுரை சென்னையிலிருந்து ஏற்காடு வரையிலான பயணத்தை எடுத்துக்காட்டாக வைத்து அந்த ஏற்பாட்டை விளக்குகிறது. கார்களாக அம்பாசடர் மார்க் 2, பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றையும், அவற்றுடன் துணைக்கு வரும் புதிய வண்டி ஒன்றையும் வைத்துக்கொள்வோம்.

பாதையும் பருவமும்

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகச் சேலம் ஏறக்குறைய 340 கிலோமீட்டர். அங்கிருந்து ஏற்காடு மேலும் 30 கிலோமீட்டர். இந்தப் பாதையைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் 300 கிலோமீட்டருக்குமேல் சமவெளி. சிறிது தூரத்துக்கு ஒரு பெட்ரோல் பங்க். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் ஆகிய ஊர்களில் அம்பாசடர் டாக்ஸிகளைப் பார்த்துப் பழகிய மூத்த மெக்கானிக்குகள் இன்னும் கிடைப்பார்கள். கடைசியில் வரும் மலைப்பாதை இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. காரைச் சோதிக்கப் போதுமானது, வதைக்கும் அளவுக்கு நீளமானதன்று. முதல் பயணத்திலேயே எழுபது வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கோ, நாற்பது வளைவுகள் உள்ள வால்பாறைக்கோ போக வேண்டியதில்லை. ஊட்டியும் கொடைக்கானலும் போக விரும்புபவர்கள், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே முதல் அங்கே இ-பாஸ் நடைமுறையில் உள்ளதைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, ஜனவரி பிற்பகுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான காலமே மிகவும் ஏற்றது. மழைக்காலத்தில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கும். பழைய வைப்பர்கள் தண்ணீரைத் தள்ளுவதைவிடப் பூசுவதில்தான் வல்லவை. ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் ரேடியேட்டரையும் பெட்ரோல் குழாயையும் ஒருசேரக் கொதிக்க வைக்கும். பொங்கலுக்கு முந்தைய நாட்களில், சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் இறங்கவே கூடாது, ஏனெனில் பழைய காருக்கு வேகத்தைவிட ஊர்ந்து போவதே பெரும் பகை.

முதல் நாளே ஏற்காடு ஏறிவிட வேண்டும் என்ற ஆசையைக் கைவிடுங்கள். நிற்கும் நேரத்தையெல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் இத்தகைய குழு மணிக்குச் சராசரியாக 40 கிலோமீட்டர்தான் கடக்கும். சேலம் சேரவே எட்டு அல்லது ஒன்பது மணி நேரம் ஆகும். நாள் முழுவதும் ஓடிச் சூடேறிய எஞ்சினையும் களைத்த ஓட்டுநரையும் மாலை வேளையில் மலையேற்றுவதற்குப் பதிலாக, சேலத்தில் தங்கி மறுநாள் காலைக் குளிரில் ஏறுவது நல்லது. அதிகாலை மூன்று மணிக்கே புறப்படலாம் என்று யோசனை சொல்பவர்கள் எல்லாக் குழுக்களிலும் இருப்பார்கள். பேட்டரிக்கு மின்னேற்ற டைனமோ உள்ள கார்களில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மின்சாரம் ஏறக்குறைய உற்பத்தியாவதே இல்லை. முகப்பு விளக்குகளை எரியவிட்டுக்கொண்டு தாம்பரம் நெரிசலில் நின்றால் பேட்டரிதான் கரையும். விளக்கு தேவைப்படாத முதல் வெளிச்சத்தில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் விடுதியை அடைந்துவிட வேண்டும்.

புறப்படுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்

பெரிய வேலைகள் எல்லாவற்றையும் பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். புதிதாக மாற்றிய பாகம் நம்பகமான பாகம் என்று கருதுவது தவறு. இன்று கடையில் கிடைக்கும் பற்றவைப்புக்கான கண்டன்சரும் ரோட்டரும், வாட்டர் பம்பும் எத்தகைய தரத்தில் இருக்கும் என்பதை ஓட்டிப் பார்த்தால்தான் அறிய முடியும். பழுதாகும் பாகம் பெரும்பாலும் முதல் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே தன் குணத்தைக் காட்டிவிடும். ஆகவே வேலை முடிந்ததும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒருமுறையாவது, முடிந்தால் புதுச்சேரி வரை, பகல் வெயிலில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புறப்படுவதற்கு முந்தைய வாரத்தில் ஸ்பேனரைத் தொடவே கூடாது. எண்ணெய், தண்ணீர், காற்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குளிர்விக்கும் அமைப்பிலிருந்து தொடங்குவோம். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு நீக்கி, மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட் மூன்றையும் மாற்ற வேண்டும். கழற்றிய பழையவை நல்ல நிலையில் இருந்தால் அவற்றையே ஸ்பேராக டிக்கியில் வைத்துக்கொள்ளலாம். சென்னையின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றிப் பழகிய எஞ்சின் பிளாக்கின் உள்ளே உப்புப் படிந்து, தண்ணீர் ஓடும் வழி குறுகிப்போயிருக்கும். அதைச் சுத்தம் செய்தபின் காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்துதான் நிரப்ப வேண்டும். ரேடியேட்டர் மூடி அற்பமான பொருளாகத் தோன்றும். ஆனால் மூடி தாங்கும் அழுத்தத்தில் சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயர்கிறது. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டிலோ அழுத்தமில்லாத தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரப்பர் தேய்ந்த மூடியோடு மலையேறுபவர் ஆவியைப் பார்க்கத்தான் போகிறார்.

பெட்ரோல் அமைப்பில் கவலை வேறு வகையானது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும், எஞ்சினோடு சேர்ந்து இயங்கும் ஏசி வகை பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் (சவ்வு) எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல; அவை உப்பி, மிருதுவாகி, உட்புறம் உதிர்ந்து கார்புரேட்டரின் ஜெட்டை அடைக்கும் அல்லது வெளியே கசிந்து தீப்பிடிக்கக் காரணமாகும். தொட்டியிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள ரப்பர் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பம்பின் டயாஃப்ரம் கிட்டையும் மாற்றுங்கள். பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டரைப் பொருத்துங்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையதால், மாதக்கணக்கில் நின்ற காரின் தொட்டியில் இருக்கும் பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு முடிந்துபோனது. பழைய சிலிண்டர் ஹெட்டில், ஈயத்தின் காப்பு இல்லாமலும் தாங்கும் கடினமான வால்வு சீட் பொருத்தப்படவில்லை என்றால், நீண்ட நேரம் உயர் வேகத்தில் ஓட்டும்போது சீட் தேயும். மணிக்கு 60 முதல் 65 கிலோமீட்டருக்குள் ஓட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக் விஷயத்தில் சிக்கனம் கூடாது. இந்தக் கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். ரப்பர் பிரேக் ஹோஸ்களையும் வீல் சிலிண்டர் கிட்டுகளையும் மாற்றிவிட்டு, பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துப் புதிதாக ஊற்ற வேண்டும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம், பெடல் பஞ்சுபோல் கீழே இறங்கும். இது சமவெளியில் தெரியவே தெரியாது. மலையிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும்.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முன்சக்கரத்தின் அடியில் உள்ள பித்தளை டிரன்னியனுக்குக் கிரீஸ் கன் பிடிப்பது நம்மூர்ப் பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அது திருகு மரையில் சுழலும் பாகம். அதற்குத் தேவை 90 எண் கியர் ஆயில். கிரீஸ் உள்ளே கெட்டியாகி, மரை எண்ணெயின்றித் தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடிந்துவிடும். பயணத்துக்கு முன் டிரன்னியன்களைக் கழற்றிப் பார்க்காத ஹெரால்டை மலைக்கு அழைத்துவர வேண்டாம் என்று குழுவினர் தயங்காமல் சொல்லலாம். மற்றபடி இந்தச் சாலையில் ஹெரால்டுக்குத் தனி உரிமை உண்டு. 1961 முதல் அதைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம்தான் இருந்தது. குழு ஊரைத் தாண்டும்போது அந்தக் கார் தன் பிறந்த வீட்டு வாசலைக் கடக்கிறது.

டயரின் கட்டைகள் தேயாமலே இருக்கலாம், ஆனால் ரப்பர் முதுமையடைந்திருக்கும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்களில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். ஏழெட்டு ஆண்டு தாண்டியவற்றை மாற்றுவதே முறை. ஸ்டெப்னியையும் பாருங்கள், ஏனெனில் அதை யாரும் பார்ப்பதில்லை.

எடுத்துச்செல்ல வேண்டியவை

ஒவ்வொரு காரும் தனக்கு மட்டுமே பொருந்தும் பாகங்களைத் தானே சுமக்க வேண்டும்: டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் பாயிண்ட், கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், ஃபேன் பெல்ட், ஹோஸ்கள், ஏசி பம்ப் ஒன்று, ஃபியூஸ்கள், கிளட்ச் மற்றும் ஆக்ஸிலரேட்டர் இணைப்புகளுக்கான ஊசிகளும் கிளிப்புகளும். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அம்பாசடர் பாகங்கள் இன்றும் தேடினால் கிடைக்கும். பத்மினிக்கு மும்பை டாக்ஸிகளே பெரிய சந்தையாக இருந்தன. 2023 அக்டோபரோடு அவையும் ஓய்ந்துவிட்டன, ஆகவே கையில் கிடைக்கும்போதே இரண்டாக வாங்கி வைப்பது நல்லது. பாகத்தைப் பெட்டியோடு டிக்கியில் போட்டால் போதாது. வீட்டிலேயே ஒருமுறை காரில் பொருத்தி ஓட்டிப் பார்த்துக் கழற்றி வைத்தால்தான் அது ஸ்பேர் என்ற பெயருக்கு உரியது.

ஸ்பேனர் விஷயத்தில் கலவைக் குழுக்கள் அடிக்கடி தடுமாறுகின்றன. அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் அங்குல அளவு ஸ்பேனர்கள், பத்மினிக்கு மில்லிமீட்டர் அளவு ஸ்பேனர்கள். இரண்டு செட்டும் குழுவின் பொதுப் பெட்டியில் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனரை அங்குல போல்ட்டில் போட்டு மூலையை உருட்டிவிட்டால் அரைமணி வேலை அரைநாள் வேலையாகும். அதே பெட்டியில் ஃபில்லர் கேஜ், டெஸ்ட் லைட், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், கட்டுக்கம்பி, இன்சுலேஷன் டேப், பல அளவு ஹோஸ் கிளிப்புகள், கசிவை அடைக்கும் அனபாண்ட், எம்-சீல் பசைகள், ஒரு கட்டி சலவைச் சோப்பு ஆகியவை இருக்கட்டும். பெட்ரோல் தொட்டியில் கல் பட்டுச் சிறு கசிவு ஏற்பட்டால் ஈரச் சோப்பை அழுத்தித் தேய்த்து அடுத்த ஊர் வரை போய்விடலாம், ஏனெனில் பெட்ரோலில் சோப்பு கரையாது. ஒவ்வொரு காரிலும் பத்து லிட்டர் தண்ணீர், இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில், அரை லிட்டர் பிரேக் ஆயில், சக்கரத்துக்கு வைக்க இரண்டு முட்டுக்கட்டைகள் தேவை. பழைய காரின் கை பிரேக்கை நம்பி மலைச்சரிவில் நிறுத்துபவருக்கு அந்தக் கட்டைகளின் அருமை உடனே விளங்கும்.

தீயணைப்பான் இல்லாத காரைக் குழுவில் சேர்க்கக் கூடாது. ஏ.பி.சி. பவுடர் வகை, ஒன்று அல்லது இரண்டு கிலோ, ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். டிக்கிக்குள் சாமான்களுக்கு அடியில் இருந்தால் பயனில்லை. பானெட்டுக்குள் தீப்பிடித்தால் பானெட்டை முழுவதும் திறக்கக் கூடாது, உள்ளே காற்றுப் புகுந்து தீ பெருகும். சிறிதளவே தூக்கி அந்த இடுக்கின் வழியாகப் பவுடரைப் பாய்ச்ச வேண்டும். பேட்டரி இணைப்பை ஒரே திருப்பில் துண்டிக்கும் சுவிட்ச் மலிவானது; அதையும் பொருத்திவிடுங்கள்.

அறுபதுகளின் நடுப்பகுதிவரை வந்த பிரிட்டிஷ் வழிக் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கும். ஜம்பர் கேபிளை நீட்டிக்கொண்டு உதவிக்கு ஓடிவரும் நண்பருக்கு இது தெரியாது. ஆகவே எந்தக் கார் பாசிட்டிவ் எர்த் என்பதைப் பானெட்டின் உட்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும்.

காகிதங்கள்

பதினைந்து ஆண்டுகள் முடிந்த சொந்தக் கார்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று ஆகியவையும் நடப்பில் இருக்க வேண்டும். 2021-இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் வகையில் வி.ஏ. எழுத்துள்ள எண்ணோடு பதிவு செய்துகொள்ளலாம். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். நண்பர்களோடு விருப்பம்போல் ஊர் சுற்றுவதே நோக்கம் என்றால், வழக்கமான பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பதே வசதி. ஃபாஸ்டாக் ஒட்டாத காருக்குக் கூடுதல் கட்டணம் என்பதைவிட, பரனூரிலும் விக்கிரவாண்டியிலும் சுங்கச்சாவடி வரிசையில் வாக்குவாதத்தோடு நிற்கும்போது எஞ்சின் சூடேறுவதே பெரிய இழப்பு. உங்கள் காப்பீட்டில் சாலையோர உதவி இந்த வயதுக் காருக்கு உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆட்களும் அணிவகுப்பும்

மூன்று முதல் ஆறு பழைய கார்கள் வரை ஒரு குழு. அதற்குமேல் போனால் இரண்டு குழுக்களாகப் பிரித்துவிட வேண்டும். குழுவின் வேகத்தை மிகவும் மெதுவான கார் நிர்ணயிக்க வேண்டும்; அதன் ஓட்டுநர் வெட்கப்பட்டு எஞ்சினை விரட்டாதிருக்க வேண்டுமென்றால், வழிகாட்டும் காருக்கு அடுத்த இடத்தை அவருக்குக் கொடுங்கள். கடைசியில் மெக்கானிக்கோடும் பொதுப் பெட்டியோடும் துணை வண்டி வரட்டும். சீட் பெல்ட் இல்லாத கார்களில் சிறு குழந்தைகளை ஏற்றாமல் அவர்களை இந்தத் துணை வண்டியிலேயே அமர்த்துவது நல்லது. வெயில் நேரத்தில் முதியவர்களும் அங்கே மாறிக்கொள்ளலாம்.

மெக்கானிக் அண்ணனை அழைத்துவருவதென்றால் நாள்கூலி, தங்கும் அறை, சாப்பாடு எல்லாம் முன்பே பேசி, எல்லாரும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். யாருடைய கார் அதிகமாகப் பழுதாகிறதோ அவர் அதிகம் கொடுக்கட்டும் என்று தொடங்கினால் பழுதானவர் பழுதை மறைப்பார். அந்தக் கஞ்சத்தனம் இறுதியில் எல்லாருடைய நேரத்தையும் தின்றுவிடும்.

முன்னால் போகும் காரைத் துரத்தக் கூடாது. ஒவ்வொருவரும் தமக்குப் பின்னால் வரும் காரைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். பின்கார் மறைந்தால் வேகத்தைக் குறையுங்கள். வரவில்லையென்றால் பாதுகாப்பான இடத்தில் நில்லுங்கள். இப்படிச் செய்தால் செய்தி தானாகவே முன்னால் உள்ளவர் வரை போய்ச் சேரும், செல்பேசி சிக்னலை நம்ப வேண்டியதில்லை. பாதை திரும்பும் இடத்தில், குறிப்பாகத் திருச்சி நோக்கிப் போகும் நெடுஞ்சாலையை விட்டு உளுந்தூர்பேட்டையில் சேலம் பக்கம் பிரியும்போது, பின்கார் உங்களைக் கண்டுகொள்ளும்வரை நின்றுதான் போக வேண்டும். கார்களுக்கிடையே மற்ற வண்டிகள் புகுந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். ஒட்டிக்கொண்டு ஊர்வலம் போவது ஒற்றைச் சுற்றுப் பிரேக் உள்ளவர்களுக்கு உகந்ததன்று. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, முன்பே முடிவு செய்த பங்கிலோ உணவகத்திலோ எல்லாரும் நிற்க வேண்டும். காபி குடிப்பதற்கு முன் ஒவ்வொருவரும் சக்கர மையத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது அல்லது பேரிங் தேய்கிறது.

கார் நின்றுவிட்டால்

முதல் வேலை காரைச் சாலையிலிருந்து அகற்றுவது. நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்க நேர்ந்தால் முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் வைத்து, பயணிகளைத் தடுப்புக்கு அப்புறம் அனுப்பிவிட்டுத்தான் பானெட்டைத் திறக்க வேண்டும். பழுதான காருடன் துணை வண்டியும் இன்னொரு காரும் மட்டும் நிற்கட்டும். மற்றவர்கள் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். ஒரு பானெட்டுக்குள் எட்டுத் தலைகள் நுழைந்தால் எட்டு நோய்கள் கண்டுபிடிக்கப்படும், அவற்றுள் ஏழுக்கு அங்கேயே சிகிச்சையும் தொடங்கிவிடும்.

வெயிலில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திணறி நின்று, அரைமணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆவதுதான் இந்தப் பாதையில் அடிக்கடி நேரும் பழுது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று வேப்பர் லாக். எஞ்சின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட ஏசி பம்ப் பெட்ரோலைத் தொட்டியிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். எக்ஸாஸ்ட் சூட்டில் இருக்கும் குழாயில் பெட்ரோல் ஆவியாகிறது. பம்போ ஆவியைத் தள்ள இயலாமல் வெறுமனே அடிக்கிறது. மற்றது பற்றவைப்பு அமைப்பில் சூட்டால் செயலிழக்கும் காயில் அல்லது கண்டன்சர். குளிர்ந்ததும் அது மீண்டும் வேலை செய்யும். காரணம் தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பவர்கள், கார் குளிர்ந்து தானாகவே சரியானதைத் தம் கைவண்ணம் என்று நம்பிவிட்டு அடுத்த முப்பது கிலோமீட்டரில் மறுபடியும் நிற்பார்கள்.

ஆகவே கார் நின்றவுடன், அது குளிர்வதற்குள் சோதிக்க வேண்டும். ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரிலேயே மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினைத் தொடும்படி வைத்து, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அருகில் பெட்ரோல் கசிவு இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி வந்தால் பற்றவைப்பு சரி, குறை பெட்ரோலில். மஞ்சள் நிறத்தில் மெலிந்த பொறி வந்தால் அல்லது பொறியே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டும். பாயிண்ட் முகங்கள் கருகி, திறக்கும்போது பெரிய பொறி தெறித்தால் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். பாயிண்ட் திறந்து மூடுவதே இல்லையென்றால் அதன் குதிகால் தேய்ந்து இடைவெளி மறைந்திருக்கும். அம்பாசடரின் 1489 சி.சி. பி.எம்.சி. எஞ்சினுக்கு இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தியவர்கள் இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்கிறார்கள் என்பது உண்மை; ஆனால் அந்தக் கருவி செத்துவிட்டால் சாலையோரத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே கழற்றிய பழைய பாயிண்ட் தட்டை இடைவெளி சரிசெய்த நிலையிலேயே பொட்டலம் கட்டி வைத்திருக்க வேண்டும்.

பொறி நன்றாக இருந்து, கார்புரேட்டருக்குள் வரும் குழாயைக் கழற்றிச் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுக் குமிழியோடு வந்தாலோ வராமலே இருந்தாலோ, அது வேப்பர் லாக். ஈரத் துணியைப் பம்பின் மீதும் உலோகக் குழாயின் மீதும் சுற்றி, பானெட்டைத் திறந்தபடி விட்டு, இருபது நிமிடம் பொறுங்கள். இதற்கு நிலையான தீர்வு வீட்டிலேயே செய்யப்பட வேண்டியது: குழாயை எக்ஸாஸ்ட்டிலிருந்து விலக்கி அமைத்து, தொட்டிக்கு அருகில் ஒரு சிறிய எலக்ட்ரிக் பம்ப் பொருத்துவது. அது பெட்ரோலை உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளுவதால் குழாயில் அழுத்தம் குறைவதில்லை. மோதல் நேர்ந்தால் அதன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம்.

ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் தொடாதீர்கள். அரைமணி கழித்துத் துணி போர்த்தி மெதுவாகத் திருப்புங்கள். காலியான சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். எஞ்சின் கை தாங்கும் சூட்டுக்கு வந்தபின், அதை ஓடவிட்டுச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். ஸ்டியரிங்கின் அருகில் கியர் தண்டு உள்ள அம்பாசடரில் கியர் சிக்கிக்கொள்வதும் சாதாரணம்; பானெட்டைத் திறந்து இணைப்புக் கைகளைக் கையாலேயே நியூட்ரலுக்கு இழுத்துவிடுவதை உரிமையாளர் வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

முக்கால் மணி நேரத்துக்குள் காரணம் தெரியவில்லையென்றால் காரை ஏற்றிச் செல்லும் தட்டு லாரியை அழையுங்கள். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, சேலம் மூன்று இடங்களிலும் அத்தகைய லாரி உரிமையாளரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி எல்லாருக்கும் கொடுத்திருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணும், விபத்தென்றால் 112-உம் உண்டு. இந்த முக்கால் மணி விதியைப் புறப்படுமுன்பே எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சும் உரிமையாளரின் வார்த்தைக்கு இணங்கித்தான் குழுக்கள் இருட்டில் அகப்படுகின்றன.

மலை ஏறுவதும் இறங்குவதும்

மறுநாள் காலை ஏழு மணிக்குமுன் சேலத்திலிருந்து புறப்பட்டால் பேருந்துகளின் நெரிசலும் வெயிலும் குறைவு. அடிவாரத்தில் தண்ணீர், பிரேக் ஆயில் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒவ்வொரு காருக்கும் இடையே இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஏறுங்கள். முன்கார் வளைவில் திணறினால் பின்கார் சரிவில் நிற்க வேண்டிய நிலை வரக் கூடாது. செங்குத்தான சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது விதி; ஆயினும் இறங்கும் எல்லா ஓட்டுநர்களும் அதைப் பின்பற்றுவார்கள் என்று நம்பி வளைவுக்குள் நுழையாதீர்கள், ஹாரன் அடித்து, எதிர்ப்பக்கம் பார்த்து நுழையுங்கள். எஞ்சினைத் திணறவிடாமல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைக்க வேண்டும். உயர்ந்த கியரில் முக்கி முக்கி ஏறும் எஞ்சினுக்கு ஃபேனும் வாட்டர் பம்பும் மெதுவாகச் சுற்றும், சூடு ஏறும். உச்சியில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டர் கலவை அதனால் பெட்ரோல் மிகுந்ததாகி, ஐடிலில் எஞ்சின் சற்றே புகைந்து தடுமாறும். அதற்காக ஏரிக்கரையில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகிவிட்டால் கீழே இறங்கியதும் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். அப்படியே விட்டுவிடுங்கள்.

இறக்கமே கடினமான பகுதி. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்; பெரும்பாலும் இரண்டாவது கியர். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவரைக் குழுவிலிருந்தே நீக்கலாம். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டிருக்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு முழுவதும் விட்டுவிட வேண்டும். டிரம்முக்கு ஆற அவகாசம் கிடைக்கும். கருகிய வாசனை வந்தாலோ பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ வளைவு அல்லாத அகலமான இடத்தில் நிறுத்தி, முட்டுக்கட்டை வைத்து, இருபது நிமிடம் ஆற விடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்புடையவை. வளைவின் நடுவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பிச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும், ஆகவே வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட்டுச் சீரான மிதியோடு சுற்ற வேண்டும். மலைச்சரிவில் கயிறு கட்டி இழுப்பதோ தள்ளி ஸ்டார்ட் செய்வதோ எந்தக் காருக்கும் கூடாது.

அடிவாரத்தில் எல்லாரும் நின்று டிரம்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிரேக் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு சென்னை நோக்கித் திரும்பலாம். திரும்பும் நாளில் அவசரம் கூடும், ஏனெனில் மறுநாள் அலுவலகம். அதனால் திரும்பியபின் ஒரு நாள் விடுப்பைச் சேர்த்தே பயணத்தைக் குறித்திருக்க வேண்டும். வீடு சேர்ந்தபின் எந்தக் கார், எங்கே, எதனால் நின்றது, எந்தப் பாகம் பயன்பட்டது, எது கிடைக்காமல் தவித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் குழுவில் பகிருங்கள். காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால் காலையில் எந்தெந்த இடத்தில் எண்ணெய் சொட்டியிருக்கிறது என்று தெரியும். பயன்படுத்திய ஸ்பேரை அந்த வாரத்திலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்த பயணத் தேதி முடிவாகும்போது அந்தக் கடை மூடியிருக்கும்.